பத்தாம் இடத்தில் சந்திரனும் சனியும் சேர்ந்திருந்தால் திருமணம் தடைப்படுமா?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு தாயார் தம் மகளின் ஜாதகத்தை அனுப்பிக் கேட்டிருக்கிறார். மகள் 1994-ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், வளர்பிறையில், மாலை 5.40 மணிக்குச் சென்னையில் பிறந்தவர். ரிஷப லக்னம் (பிறந்த நேரத்தில் கிழக்கே உதித்த ராசி; அதையே முதல் இடமாக வைத்து மற்ற இடங்களை எண்ணுவோம்), கும்ப ராசி, சதயம் நான்காம் பாதம். லக்னத்துக்குப் பத்தாம் இடமான கும்பத்தில் சந்திரனும் சனியும் சேர்ந்திருக்கின்றன. 2024 தை மாதத்தில் நிச்சயதார்த்தம் முடிந்த சம்பந்தம் பங்குனியில் நின்றுபோனது. அதன் பிறகு பார்த்த மூன்று ஜோதிடர்களும் ‘புனர்பூ தோஷம்’ என்று ஒரே சொல்லைச் சொன்னார்களாம். ஒருவர் பெரும் செலவில் ஹோமம் செய்யச் சொன்னார். இன்னொருவர் நீலக்கல் மோதிரம் போடச் சொன்னார். இப்போது பெரம்பூரிலிருந்து ஒரு நல்ல வரன் வந்திருக்கிறது. ஆனால் அவர்கள் வீட்டு ஜோதிடரும் அதே சொல்லைச் சொல்லித் தயங்குகிறார். “இந்தச் சேர்க்கை என் மகளுக்குத் திருமணமே இல்லை என்று சொல்கிறதா?” என்பது அந்த அம்மாவின் கேள்வி.

இல்லை அம்மா, அப்படிச் சொல்லவில்லை. உங்கள் மகளின் ஜாதகத்தில் தாமதத்துக்கு இடம் இருக்கிறது. மறுப்புக்கு இடம் இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கட்டத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளும்படி விரிவாக எழுதுகிறேன். இரண்டு கிரகங்கள் ஒரு வீட்டில் சேர்ந்தால் அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டால், அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டு நீங்கள் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டீர்கள்.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். புனர்பூ என்பதற்கும் புனர்பூச நட்சத்திரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். வடமொழியில் புனர்பூ என்றால் மறுமணம் செய்துகொண்ட பெண் என்று பொருள். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் ஜாதகத்தில், இரண்டு கிரகங்கள் சேர்ந்திருப்பதன் பலனைச் சொல்லும் பகுதியில், சந்திரன் சனியோடு சேர்ந்திருக்கப் பிறந்தவர் ‘புனர்பூவின் மகன்’ என்று ஒரு வரி வருகிறது. அதாவது அந்த வரி ஜாதகரின் தாயைப் பற்றியது. ஜாதகரின் திருமணம் தள்ளிப்போகும் என்றோ நின்றுபோகும் என்றோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. பிற்காலத்தில், குறிப்பாகச் சென்னையில் வாழ்ந்த கே.எஸ்.கிருஷ்ணமூர்த்தி வகுத்த பத்ததி என்னும் ஜோதிட முறையைப் பின்பற்றுவோரிடையே, இந்தச் சொல் திருமணத் தாமதத்தைக் குறிக்கும் சொல்லாக வழங்கத் தொடங்கியது. அனுபவத்தில் பார்த்துச் சொன்னதை நான் குறை கூறவில்லை. மூல நூலில் தாயைக் குறித்த ஒரு வரி, இன்று மகளின் கழுத்தில் தொங்கும் பலகையாக மாறியிருக்கிறது என்பதை மட்டும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து ஒரு சிறு கணக்கு. சனி ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு தங்குகிறது. சந்திரன் 27 நாட்களுக்குச் சற்று மேலான காலத்தில் பன்னிரண்டு ராசிகளையும் சுற்றிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு மாதமும் இரண்டேகால் நாள் அளவுக்குச் சனி இருக்கும் ராசியில் சந்திரன் நிற்கும். பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு இந்தச் சேர்க்கை இருக்கும் என்பது இதன் பொருள். சேர்க்கை மட்டுமல்லாமல் சனியின் மூன்றாம், ஏழாம், பத்தாம் பார்வைகள் (தான் நிற்கும் ராசியிலிருந்து எண்ணி அந்த ராசிகளைச் சனி பார்க்கும்) சந்திரன் மேல் விழுந்தாலும் புனர்பூதான் என்று இன்று சொல்கிறார்கள். அப்படியானால் பன்னிரண்டில் நான்கு, அதாவது மூன்று பேரில் ஒருவர். பரிவர்த்தனை (ஒன்றின் வீட்டில் மற்றொன்று மாறி நிற்பது), நட்சத்திர சாரம் (ஒன்றின் நட்சத்திரத்தில் மற்றொன்று நிற்பது) ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கை இன்னும் கூடும். மூன்றில் ஒருவருக்குத் திருமணம் தடைப்பட்டால் சென்னையில் இத்தனை கல்யாண மண்டபங்களுக்கு வேலையே இருந்திருக்காது. இவ்வளவு பேருக்குப் பொதுவான ஓர் அமைப்பு, அதனளவில், ஒருவருடைய தனிப்பட்ட பலனைச் சொல்லும் வல்லமை உடையதாக இருக்க முடியாது. அது எந்த வீட்டில், எந்த லக்னத்துக்கு, எவ்வளவு வலிமையோடு அமைந்திருக்கிறது என்பதுதான் பலனைச் சொல்லும்.

நீங்கள் அனுப்பிய ஜாதகக் குறிப்பில் ராசிக் கட்டமும் அம்சக் கட்டமும் (ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சம்) மட்டுமே இருக்கின்றன, பாகைகள் (ஒரு ராசிக்கு 30 பாகை) எழுதப்படவில்லை. அதனால் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி நானே கணித்துப் பார்த்தேன். சனி கும்பத்தில் ஏறத்தாழ 13 பாகையிலும், சந்திரன் ஏறத்தாழ 19 பாகையிலும் நிற்கின்றன. ஆறு பாகை இடைவெளி. இதை ஏன் பார்க்க வேண்டும் என்றால், ஒரே கட்டத்தில் எழுதப்பட்டிருப்பது எல்லாம் சேர்க்கை ஆகிவிடாது. கும்பத்தின் முதல் பாகையில் சந்திரனும் 29-ஆம் பாகையில் சனியும் இருந்தால் நடுவே 28 பாகை தூரம் இருக்கிறது. ஆனாலும் கட்டத்தில் அவை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மகரத்தின் 29-ஆம் பாகையில் சந்திரனும் கும்பத்தின் முதல் பாகையில் சனியும் இருந்தால் இடைவெளி இரண்டு பாகைதான். கட்டத்தைப் பார்ப்பவர் அதைச் சேர்க்கை என்றே எடுத்துக்கொள்ள மாட்டார். உங்கள் மகளுக்கு ஆறு பாகை என்பது நெருக்கமான சேர்க்கைதான். அதிலும் இரண்டு கிரகங்களும் சதய நட்சத்திரத்திலேயே நிற்கின்றன. சனி இரண்டாம் பாதம், சந்திரன் நான்காம் பாதம். எனவே இது உண்மையான சேர்க்கை. பெயரளவுக்கு எழுதியது என்று நான் தட்டிக்கழிக்க மாட்டேன்.

அதே நேரத்தில் சந்திரன் சனியைத் தாண்டிவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். சந்திரன் ஒரு நாளைக்குச் சராசரியாக 13 பாகை நகர்கிறது. ஆறு பாகை முன்னேறியிருக்கிறது என்றால், அன்று காலையிலேயே சனியைக் கடந்து, மாலையில் உங்கள் மகள் பிறக்கும்போது அதை விட்டு விலகிச் சென்றுகொண்டிருந்தது என்று பொருள். நெருங்கிச் செல்லும் சந்திரனைவிட விலகிச் செல்லும் சந்திரன் சுமையைக் குறைவாக ஏற்கிறது என்பது என் அனுபவம். வளர்பிறைச் சந்திரன் என்பதால் ஒளியும் இருக்கிறது. தேய்பிறையின் கடைசி நாட்களில், அமாவாசையை ஒட்டி, சனியை நோக்கி நகரும் சந்திரனாக இருந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சேர்க்கையில் இருக்கும் இரண்டு கிரகங்களும் சமமானவை அல்ல. ஒரு வீட்டில் இருவர் இருந்தால் அது யாருடைய வீடு, அங்கே யார் பேச்சு எடுபடும் என்று கேட்போம் அல்லவா? கும்பம் சனியின் சொந்த வீடு. அதிலும் கும்பத்தின் முதல் 20 பாகை சனிக்கு மூலத்திரிகோணம், அதாவது கூடுதல் வலிமை தரும் பகுதி. 13 பாகையில் நிற்கும் சனி முழு அதிகாரத்தோடு நிற்கிறது. வக்ரம் (பின்னோக்கி நகர்வது) இல்லை, சூரியன் விருச்சிகத்தில் தூரத்தில் இருப்பதால் அஸ்தங்கமும் (சூரிய ஒளியில் மறைந்து வலிமை குன்றுவது) இல்லை. சந்திரன் அங்கே விருந்தாளிதான். ஆகவே இந்தச் சேர்க்கையின் பலனைச் சனிதான் நடத்தும். சந்திரன் அதற்கு மனத்தையும் நிறத்தையும் கொடுக்கும்.

அப்படியானால் அந்தச் சனி இந்த ஜாதகத்தில் யார்? ரிஷப லக்னத்துக்கு மகரம் ஒன்பதாம் இடம், கும்பம் பத்தாம் இடம். ஒரு திரிகோணத்துக்கும் (1, 5, 9-ஆம் இடங்கள்) ஒரு கேந்திரத்துக்கும் (1, 4, 7, 10-ஆம் இடங்கள்) ஒரே கிரகம் அதிபதியாவது சில லக்னங்களுக்குத்தான் அமையும். ரிஷபத்துக்குச் சனி அந்த வகையில் யோகாதிபதி, அதாவது நன்மை செய்யும் கிரகம். பாக்கியாதிபதியே (ஒன்பதாம் அதிபதி) கர்மாதிபதியாகி (பத்தாம் அதிபதி), கர்ம ஸ்தானத்திலேயே மூலத்திரிகோண வலிமையோடு நிற்கிறார். கேந்திரத்தில் சனி ஆட்சியோ (சொந்த வீடு) உச்சமோ (மிக வலிமை பெறும் ராசி) பெற்றால் சச யோகம் என்பார்கள்; அதுவும் இங்கே இருக்கிறது. சந்திரன் மூன்றாம் இடமான கடகத்துக்கு அதிபதி. முயற்சிக்கும் இளைய உடன்பிறப்புக்கும் உரிய இடம் அது. மூன்றாம் அதிபதி பத்தில் யோகாதிபதியோடு சேர்ந்திருப்பது, தன் முயற்சியால் தொழிலில் படிப்படியாக உயர்பவரின் அடையாளம். உங்கள் மகள் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் கடைநிலையில் சேர்ந்து, எட்டு ஆண்டுகளில் ஒரு பிரிவையே பொறுப்பேற்று நடத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் காரணம் இதே சேர்க்கைதான். அதை உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லாததுதான் எனக்கு வருத்தம்.

இதே வானம், இதே நாள். ஆனால் இரவு ஒன்பது மணிக்குப் பிறந்த ஒரு குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். கடக லக்னமாக இருக்கும். அங்கே சந்திரன் லக்னாதிபதி. சனி ஏழுக்கும் எட்டுக்கும் அதிபதி. இரண்டும் எட்டாம் இடத்தில் நிற்கும். லக்னாதிபதி அட்டமத்தில், களத்திர ஸ்தானாதிபதியான (வாழ்க்கைத் துணைக்குரிய ஏழாம் இடத்தின் அதிபதியான) சனியின் பிடியில். அந்த ஜாதகத்தில் இந்தச் சேர்க்கையை நான் கனமாகவே எடுத்துக்கொள்வேன். அதே கும்பம், அதே இரண்டு கிரகங்கள், ஏறக்குறைய அதே பாகைகள். மூன்று மணி நேரத்தில் பலன் தலைகீழாகிறது. ஒரு சேர்க்கைக்கு ஒரே பலன் என்று எழுதிவைத்துப் படிப்பவர்கள் இந்த இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே விடையைத்தான் கொடுப்பார்கள்.

இதனால்தான் பிறந்த நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவமனைச் சீட்டில் 5.40 என்று இருப்பதாகவும், பாட்டியம்மா “விளக்கு வைத்து நேரம் ஆன பிறகு” என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பருவத்தில் சென்னையில் சூரியன் மறைவது ஏறத்தாழ 5.45 மணிக்கு. அந்த நேரத்தில் ரிஷப லக்னத்தின் பிற்பகுதி ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் அரை மணி நேரம் போனால் மிதுன லக்னம் தொடங்கிவிடும். மிதுனமாக இருந்தால் சேர்க்கை ஒன்பதாம் இடத்துக்குப் போய்விடும். சனி எட்டுக்கும் ஒன்பதுக்கும் அதிபதியாகிவிடும். நீங்கள் எழுதிய படிப்பு, வேலை, குடும்பச் சூழ்நிலை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் ரிஷபமே பொருந்துகிறது. சீட்டில் எழுதிய நேரத்தையே நான் ஏற்கிறேன். ஆனாலும் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நவாம்சத்தில் இந்த இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். சதயம் இரண்டாம் பாதத்தில் நிற்கும் சனி மகர நவாம்சத்துக்குப் போய் அங்கும் ஆட்சி பெறுகிறது. நான்காம் பாதத்துச் சந்திரன் மீன நவாம்சத்தில், குருவின் வீட்டில் இருக்கிறது. ராசியில் சேர்ந்து அம்சத்திலும் சேர்ந்திருந்தால் பிணைப்பு இறுகும். இங்கே அது தளர்கிறது. அம்சக் கட்டத்தில் பார்வைகளை எடுத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை. கிரகம் நிற்கும் வீட்டை மட்டுமே பார்க்கிறேன்.

அப்படியானால் திருமணம் ஏன் தாமதமாகிறது என்று கேட்பீர்கள். தாமதம் சேர்க்கையிலிருந்து வரவில்லை. சனியின் பார்வையிலிருந்து வருகிறது. கும்பத்திலிருந்து சனியின் மூன்றாம் பார்வை மேஷத்திலும், ஏழாம் பார்வை சிம்மத்திலும், பத்தாம் பார்வை விருச்சிகத்திலும் விழுகிறது. விருச்சிகம் உங்கள் மகளுக்கு ஏழாம் இடம், களத்திர ஸ்தானம். சந்திரன் பக்கத்தில் இல்லாமல் சனி மட்டும் பத்தில் இருந்திருந்தாலும் இந்தப் பார்வை இருந்திருக்கும், தாமதமும் இருந்திருக்கும். யோகாதிபதியின் பார்வை என்பதால் அது கதவைச் சாத்துவதில்லை. முதிர்ந்த வயதில், பொறுப்பான ஒருவரை, ஆராய்ந்து முடிவெடுக்க வைக்கிறது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் இந்தப் பெண்ணுக்குத் திருமணம் முடிக்க முயன்றிருந்தால் அதுவும் நிலைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஏழாம் இடத்தையே நேராகப் பார்த்தால் நல்ல செய்திகள் அதிகம். விருச்சிகத்தில் குருவும், சூரியனும், புதனும் இருக்கிறார்கள். குரு எட்டுக்கும் பதினொன்றுக்கும் அதிபதி என்பதால் முழுச் சுபர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏழிலிருந்து லக்னத்தை நேராகப் பார்க்கிறார், அந்தப் பார்வை ஜாதகிக்குப் பெரிய காப்பு. புதன் இரண்டுக்கும் ஐந்துக்கும் அதிபதி. சூரியனுக்கு மிக நெருக்கத்தில் அஸ்தங்கமாக இருந்தாலும், குடும்ப ஸ்தானாதிபதி களத்திர ஸ்தானத்துக்கு வந்திருக்கிறார். எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை அந்த மூன்று பேரும் எப்படிப் பார்க்காமல் விட்டார்கள் என்று தெரியவில்லை: நான்காம் அதிபதி சூரியன் ஏழாம் இடமான விருச்சிகத்தில், ஏழாம் அதிபதி செவ்வாய் நான்காம் இடமான சிம்மத்தில். இருவரும் வீடு மாறி நிற்கிறார்கள். இரண்டு கேந்திராதிபதிகளின் பரிவர்த்தனை. களத்திர ஸ்தானாதிபதி பரிவர்த்தனையால் தன் வீட்டில் இருப்பதற்குச் சமமான பலம் பெறுகிறார். போதாததற்குத் தம் நான்காம் பார்வையால் சொந்த வீட்டையும் பார்க்கிறார். ஏழாம் வீட்டுக்கு இவ்வளவு பிடிமானம் இருக்கும் ஜாதகத்தைத் திருமணம் இல்லாத ஜாதகம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

செவ்வாய் நான்கில் இருப்பதால் செவ்வாய் தோஷம் என்று யாராவது சொன்னால், சிம்மத்திலுள்ள செவ்வாய்க்குத் தோஷம் இல்லை என்று விலக்குக் கொடுக்கும் மரபு நம்மிடையே உண்டு என்பதைச் சொல்லுங்கள். எனினும் செவ்வாயின் ஏழாம் பார்வை கும்பத்திலுள்ள சந்திரன் மேலும் சனி மேலும் விழுகிறது. வீட்டில் வாக்குவாதம் எழுந்தால் உங்கள் மகள் உடனே பேசாமல் நாட்கணக்கில் உள்ளே வைத்துக்கொண்டிருப்பார். பிறகு ஒரு நாள் எல்லாம் சேர்த்து வெளிவரும். “அவள் எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், பெண் பார்க்க வந்தவர்கள் அவளுக்கு விருப்பம் இல்லையோ என்று நினைத்துக்கொள்கிறார்கள்” என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது, இந்தச் சேர்க்கையின் உண்மையான முகம் அதுதான் என்று தோன்றியது. சந்திரன் மனம்; சனி கட்டுப்பாடு. இந்த மனம் தன் பாரத்தைத் தானே சுமக்கும், யாரிடமும் இறக்கிவைக்காது. சிறு வயதிலேயே பெரியவர்கள் மாதிரி நடந்துகொண்டிருப்பார். சந்திரன் தாய்க்கும் காரகன், சனியின் பார்வை தாய்க்குரிய நான்காம் வீட்டில் விழுகிறது என்பதால், உங்கள் கவலையையும் சேர்த்துத்தான் அவர் சுமந்துகொண்டிருக்கிறார். இந்தத் தோஷப் பேச்சு வீட்டில் இத்தனை நாளாக நடக்கிறது என்றால், அதை அவர் காதில் வாங்காமல் இருந்திருப்பார் என்று எண்ண வேண்டாம்.

இனி 2024-இல் நடந்ததைப் பார்ப்போம். அப்போதுதான் இந்தச் சேர்க்கை விழித்துக்கொண்டது. திசை என்பது ஒரு கிரகம் வாழ்க்கையை நடத்தும் காலம்; புக்தி அதன் உட்பிரிவு. சதயத்தில் பிறந்ததால் ராகு திசையில் தொடக்கம். 19 பாகைச் சந்திரனுக்குப் பிறக்கும்போது இருப்பு ஒரு வருடம் நான்கு மாதம். 1996 ஏப்ரலில் குரு திசை, 2012 ஏப்ரலில் சனி திசை. சனி திசையில் சந்திர புக்தி 2023 மார்ச் முதல் 2024 அக்டோபர் வரை. சேர்ந்திருக்கும் இரண்டு கிரகங்களில் ஒன்று திசையும் மற்றொன்று புக்தியும் நடத்தும் காலம்தான் அந்தச் சேர்க்கை தன் முழுப் பலனையும் காட்டும் காலம். அதோடு கோசாரத்தில் (அன்றன்றைய கிரக நகர்வில்) சனி 2023 ஜனவரியில் கும்பத்துக்குள் நுழைந்து ஜென்மச் சனியாக (பிறந்த ராசியிலேயே நிற்கும் சனியாக) நின்றது. 29 ஆண்டுகளுக்கு ஒரு முறை தன் பழைய இடத்துக்குத் திரும்பும் சனி, 2024-இன் தொடக்கத்தில் ஜாதகத்துச் சனியைக் கடந்து, மார்ச் நடுவில் ஜாதகத்துச் சந்திரன் நிற்கும் 19-ஆம் பாகையைத் தொட்டது. நீங்கள் சொன்ன பங்குனி மாதம் அதுதான். திசையும் புக்தியும் கோசாரமும் ஒரே புள்ளியில் சந்தித்த மாதம் அது. உங்கள் மகளின் வாழ்நாளில் இந்த மூன்றும் இப்படி மறுபடி கூடப்போவதில்லை. சனி திசையில் சந்திர புக்தி இனி வராது. ஆகவே நின்றுபோன சம்பந்தத்தை இனி வரப்போவதற்கான சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது சனி திசையில் ராகு புக்தி நடக்கிறது. 2028 அக்டோபர் வரை இருக்கும். ராகு துலாத்தில் லக்னாதிபதி சுக்கிரனோடு நிற்கிறது. சுக்கிரன் அங்கே ஆட்சி. வீட்டுக்காரரின் பலனையே ராகு எடுத்துக் கொடுக்கும். ஆறாம் இடம் என்பதால் கொஞ்சம் பேரம், கொஞ்சம் இழுபறி, உறவினர் ஒருவரின் எதிர்ப்பு ஆகியவை இருக்கலாம். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 முதல் சனி மீனத்தில் நிற்கிறது. அங்கிருந்து மூன்றாம் பார்வையாக ரிஷப லக்னத்தைப் பார்க்கிறது. 2026 ஜூன் தொடக்கத்திலிருந்து குரு கடகத்தில் உச்சம் பெற்று, ஐந்தாம் பார்வையால் விருச்சிகத்தைப் பார்க்கும். இடையில் சில மாதம் சிம்மத்துக்குப் போய்த் திரும்பி, 2027 ஜூன் வரை இந்தப் பார்வை தொடரும். சனி லக்னத்தையும் குரு ஏழாம் இடத்தையும் ஒரே காலத்தில் பார்ப்பது திருமணம் கூடிவரும் அமைப்பு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கும்ப ராசிக்குக் குரு ஆறில் இருப்பதால் குரு பலம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். ராசியிலிருந்து எண்ணிப் பார்ப்பதைவிட, அந்த ஜாதகத்தின் களத்திர ஸ்தானத்துக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்பதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. இந்தக் காலம் சாதகம் என்று சொல்லலாம். தேதி குறித்து உறுதி கொடுப்பது என் வழக்கம் அல்ல.

ஏழரைச் சனி முடிந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். முடியவில்லை, அதன் கடைசிப் பகுதியான பாதச் சனி நடக்கிறது. நீங்கள் வெவ்வேறு தேதிகளைக் கேட்டுக் குழம்பியதற்குக் காரணம் பஞ்சாங்க வேறுபாடு. திருநள்ளாறு கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. அங்கே கும்பத்துக்கான சனிப் பெயர்ச்சி 2023 டிசம்பர் 20-இல்தான் நடந்தது. திருக்கணிதப்படி அதே ஆண்டு ஜனவரியில் நடந்துவிட்டது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே எல்லாவற்றையும் கணிப்பதுதான் முறை. ஜாதகத்தை ஒன்றிலும் பெயர்ச்சியை மற்றொன்றிலும் பார்க்கக் கூடாது.

பரிகாரத்தைப் பற்றி: அந்தப் பெரிய ஹோமம் வேண்டாம். ஆட்சி பெற்ற யோகாதிபதியைச் சாந்தி செய்வதற்கு என்ன இருக்கிறது? நீலக்கல்லையும் இப்போது தவிர்த்துவிடுங்கள். சனி ஏற்கெனவே முழு வலிமையோடு சந்திரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது. அதை மேலும் வலுப்படுத்தினால் மனத்தின் பாரம்தான் கூடும். உங்களுக்கு மனம் கேட்காவிட்டால் வழிபாடு செய்யுங்கள். அதற்கு நான் ஒருபோதும் தடை சொல்வதில்லை. பல்லாவரத்தை அடுத்த பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயிலைச் சனிக்குரிய தலமாக வழிபடுகிறார்கள். வட திருநள்ளாறு என்று பெயர். குன்றத்தூருக்கு அப்பால் சோமங்கலம் சோமநாதீஸ்வரர் கோயில் சந்திரனுக்குரியது. ஒரு சனிக்கிழமை காலை முதல் கோயிலுக்கும், ஒரு திங்கட்கிழமை இரண்டாவது கோயிலுக்கும் தாயும் மகளுமாகப் போய்வாருங்கள். இரண்டுமே உங்கள் வீட்டிலிருந்து அரை நாளில் போய்வரக்கூடிய தூரம்தான். அர்ச்சனைச் சீட்டுக்கு மேல் செலவில்லை. போகும் வழியில் மகளிடம் கல்யாணத்தைத் தவிர வேறு எதையாவது பேசிக்கொண்டு போங்கள். சந்திரனுக்கு அது நல்லது.

கடைசியாகப் பெரம்பூர் வரன். அவர்கள் ஜோதிடரிடம் “தோஷம் உண்டா இல்லையா” என்று வாதாட வேண்டாம். சனி ரிஷப லக்னத்துக்கு யோகாதிபதி என்பதையும், பத்தில் மூலத்திரிகோணம் பெற்றிருப்பதையும், நான்கு–ஏழு பரிவர்த்தனையையும் அவருக்கு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். படித்தவராக இருந்தால் இந்த மூன்றுமே அவருக்குப் போதும். நீங்கள் அவர்கள் பக்கத்தில் பார்க்க வேண்டியதும் இருக்கிறது. பையனின் ஜாதகத்தை நீங்கள் அனுப்பவில்லை. அதில் ஏழாம் அதிபதியும் சுக்கிரனும் எப்படி இருக்கிறார்கள் என்பதோடு, நடப்புத் திசை எப்போது முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்கு 2031 ஏப்ரலில் சனி திசை முடிந்து புதன் திசை தொடங்குகிறது. பையனுக்கும் அந்த ஆண்டை ஒட்டியே திசை மாறினால் அது திசா சந்தி; பத்துப் பொருத்தமும் நன்றாக இருந்தாலும் அதை ஒரு முறை கவனமாக எடைபோட வேண்டும். பையனின் பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் அனுப்புங்கள். பாகையோடு கணித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.